வாயாடிப் பிள்ளைதான் புத்திசாலியா?

உங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால், இந்நேரம் ஒன்றுக்குக் 'கெட்டிக்காரன்' என்றும் இன்னொன்றுக்கு 'மந்தம்' என்றும் பெயர் வைத்து முடித்திருப்பீர்கள். நீங்கள் வைக்காவிட்டால் அப்பத்தா வைத்திருப்பார். அதுவும் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருப்பார்!

புதுக்கோட்டைச் சீமையில் வைத்தியம் பார்க்கிறவன் நான். ஆலங்குடி, இலுப்பூர், பொன்னமராவதிப் பக்கமிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் தாய்மார்கள் நோயைச் சொல்வதற்கு முன்னால் பிள்ளையின் குணத்தைச் சொல்லிவிடுவார்கள். "பெரியவ பரவாயில்லீங்க, வாயைத் தொறந்தா மூட மாட்டா, சூட்டிகை. சின்னவதான் கப ஒடம்பு. கூப்பிட்டாக்கூட நாலு தடவை கூப்பிடணும். மூளைக்கு ஏதாச்சும் லேகியம் குடுங்கய்யா." சின்னவள் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பாள். எல்லாம் அவள் காதில் விழும்.

சரி, பெயர் வைப்பதோடு நின்றால் பரவாயில்லை. அந்தப் பெயரை வைத்துத்தான் பத்தாவது முடித்ததும் யாருக்கு முதல் குரூப், யாருக்குப் படிப்பை நிறுத்துவது, யார் மேல் பணம் போடுவது என்றெல்லாம் முடிவாகிறது. ஆகவே கேள்வியை நேராகவே கேட்டுவிடுவோம். ஒருவருடைய குணத்துக்கும் அவருடைய அறிவுக்கும் தொடர்பு உண்டா? கலகலப்பானவர் புத்திசாலி, அமைதியானவர் மந்தம், கோபக்காரர் கூர்மையானவர் என்பதில் எவ்வளவு உண்மை?

கபம் என்றால் மந்தமா?

முதலில் எங்கள் வைத்தியம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். ஏனென்றால் "கப ஒடம்பு, அதான் மூளை ஓடல" என்று ஜனங்கள் எங்கள் பேரைச் சொல்லித்தான் பேசுகிறார்கள்.

வளி, அழல், ஐயம் என்கிற வாதம், பித்தம், கபம் மூன்றும் எல்லா உடலிலும் உண்டு. எது மேலோங்கியிருக்கிறதோ அதை வைத்து வாத உடல், பித்த உடல், கப உடல், இவை கலந்த உடல் என்று பிரிப்பது மரபு. 1964-ல் தொடங்கிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில்தான் நானும் இதைப் படித்தேன். வாத உடல்காரர் மெலிந்தவர், வறண்ட தோல், ஓயாத பேச்சு, சட்டென்று பிடித்துக்கொண்டு சட்டென்று மறப்பவர். பித்த உடல்காரர் சூடு தாங்காதவர், சீக்கிரம் நரைப்பவர், கூர்மையும் கோபமும் உள்ளவர். கப உடல்காரர் திடமான உடல், நிதானம், பொறுமை, மெதுவாகக் கற்பவர், கற்றதை விடாதவர். சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்.

இதில் 'மந்தபுத்தி' எங்கே வந்தது? வரவே இல்லை. ஆயுர்வேதத்தின் மூலநூலான சரக சம்ஹிதை கப உடல்காரர்களுக்குச் சொல்லும் சிறப்புகளில் பலம், அமைதி, நீண்ட ஆயுளோடு கல்வியும் ஒன்று! ஆக, பழைய நூல்கள் புகழ்ந்த உடம்பைத்தான் நம் வீடுகளில் மட்டம் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

என் ஊகம் ஒன்று சொல்கிறேன். மந்தம் என்பது வைத்தியத்தில் முதலில் வயிற்றுக்குரிய சொல். செரிமானம் குறைந்தால் மந்தம். கபம் மிகுந்தால் பசி மந்தப்படும், உடம்பு கனக்கும், தூக்கம் வரும். வயிற்றைக் குறித்த சொல் காலப்போக்கில் மண்டைக்கு ஏறிவிட்டது போலிருக்கிறது.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். வைத்தியர் உடல்வகை பார்ப்பது எதற்கு? மருந்தின் அளவைத் தீர்மானிக்க, பத்தியம் சொல்ல, இந்த உடம்புக்கு எந்த நோய் எளிதில் வரும் என்று கணிக்க. பிள்ளைக்கு மார்க் போடுவதற்கு அல்ல. என் நாற்காலியில் உட்கார்ந்து நாடியைப் பிடித்துக்கொண்டு "இவன் கணக்கில் தேற மாட்டான்" என்று யாராவது சொன்னால், அவர் சித்த மருத்துவம் பேசவில்லை, ஜோசியம் பேசுகிறார்.

காவிரிக்கரையில் பிறந்த இருவர்

நமக்குத் தெரிந்த இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவரும் காவிரிக்கரை ஊர்களில், பதினோரு மாத இடைவெளியில் பிறந்தவர்கள்.

முதலாமவர் கணிதமேதை ராமானுஜன். 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். இளம் வயதில் அவரைப் பார்த்தவர்கள் சொன்ன அங்க அடையாளம் என்ன தெரியுமா? குள்ளம், பருத்த உடம்பு, பளபளக்கும் கண்கள். கூச்ச சுபாவம். கணக்கைத் தவிர வேறு எதிலும் மனசு போகவில்லை. கும்பகோணம் கல்லூரியில் ஆங்கிலத்தில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேற முடியவில்லை. அந்த நேரத்தில் அவரை நம்மிடம் கூட்டிக்கொண்டு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "கப ஒடம்பு, மந்தம், படிப்பு ஏறல, ஏதாவது கணக்குப்பிள்ளை வேலையில சேத்துவிடுங்க." கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. துறைமுகப் பொறுப்புக் கழக அலுவலகத்தில் குமாஸ்தா ஆனார். அங்கிருந்துதான் 1913-ல் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதினார். 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்!

இரண்டாமவர் சர் சி.வி. ராமன். 1888 நவம்பர் 7-ல் திருச்சியில் பிறந்தவர். ஒல்லியான உடம்பு. மேற்படிப்புக்கு இங்கிலாந்து போகலாம் என்று பேச்சு வந்தபோது, பரிசோதித்த வெள்ளைக்கார டாக்டர் "இந்த உடம்பு அந்தக் குளிரைத் தாங்காது" என்று தடுத்துவிட்டார். குணமோ நேர் எதிர். உரத்த பேச்சு, பட்டென்று கோபம், யாரோடும் வாதம், சபையில் முழங்குவது. பரீட்சைகளில் எப்போதும் முதல். 1930-ல் நோபல் பரிசு.

ஒருவர் பருமன், ஒருவர் ஒல்லி. ஒருவர் ஊமை போல, ஒருவர் வெடி போல. ஒருவர் பரீட்சையில் தோற்றவர், ஒருவர் பரீட்சையை விழுங்கியவர். இப்போது சொல்லுங்கள், எந்தக் குணத்தோடு அறிவைக் கட்டிப் போடப் போகிறீர்கள்?

"அவங்கள்லாம் மேதைகள் டாக்டர், நம்ம பிள்ளைக்கு அது பொருந்துமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இரண்டு பேரை வைத்துப் பொதுவிதி சொல்லக்கூடாது. அதற்காகத்தான் ஆயிரக்கணக்கானவர்களை வைத்து ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். அதற்கு வருவோம்.

மேல்நாட்டார் கதையும் இதேதான்

உடம்பை வைத்துக் குணத்தையும் குணத்தை வைத்து அறிவையும் சொல்கிற ஆசை நமக்கு மட்டும் உள்ளதல்ல. பழைய கிரேக்க வைத்தியர்கள் ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கறுப்புப் பித்தம் என்று நான்கு நீர்களைச் சொல்லி அதன்படி நான்கு குணங்களைச் சொன்னார்கள். 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ஷெல்டன் என்பவர் மனிதர்களை ஒல்லி, கட்டுமஸ்து, பருமன் என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு என்று 1940-களில் புத்தகங்கள் எழுதினார். உடம்புக்கும் குணத்துக்கும் அபாரமான பொருத்தம் இருப்பதாகக் கணக்குக் காட்டினார். கடைசியில் ஓட்டை எங்கே தெரிந்தது? உடம்பை அளந்தவரும் அவரே, குணத்துக்கு மதிப்பெண் போட்டவரும் அவரே! பருமனான ஆளைப் பார்த்ததும் 'இவர் சாவகாசமானவர்' என்று மனசு முன்கூட்டியே எழுதிவிடும். அப்புறம் பொருத்தம் இல்லாமல் எப்படிப் போகும்? வேறு ஆட்களை வைத்துத் தனித்தனியே அளந்தபோது அந்தப் பொருத்தம் வெகுவாகச் சுருங்கிப்போனது.

இந்த எச்சரிக்கை எங்கள் தொழிலுக்கும் பொருந்தும். அம்மா "கப ஒடம்பு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தால், வைத்தியரின் கண்ணும் கபத்தைத்தான் தேடும்.

இப்போது மனோதத்துவக்காரர்கள் குணத்தை வகை வகையாகப் பிரிப்பதில்லை; ஐந்து அளவுகோல்களாக வைத்து அளக்கிறார்கள். புதியதை நாடும் மனம், ஒழுங்கும் பொறுப்பும், கலகலப்பு, அனுசரித்துப் போவது, பதற்றம். ஒவ்வொருவருக்கும் இந்த ஐந்தும் உண்டு, கூடக்குறைய இருக்கும். உயரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் குள்ளர், நெட்டையர் என்று இரண்டே ஜாதியா இருக்கிறது?

2023-ல் ஸ்டானெக், ஒன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், அதுவரை பல நாடுகளில் நடந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி, குணத்துக்கும் அறிவுத்திறனுக்கும் உள்ள தொடர்பை அலசி வெளியிட்டார்கள். இருபது லட்சம் பேருக்கு மேல் பற்றிய விவரங்கள் அதில் அடக்கம். அதிலும் அதற்கு முந்திய ஆய்வுகளிலும் திரும்பத் திரும்பத் தெரிவது இதுதான்: புதியதை நாடும் மனம், அதாவது 'ஏன், எப்படி' என்று கேட்கிற குணம், அறிவுத்திறனோடு ஓரளவு சேர்ந்து போகிறது. பதற்றமும் சோர்வும் மிகுந்தவர்களுக்குச் சோதனைகளில் மதிப்பெண் சற்றே குறைகிறது. செயல்துடிப்புக்கு ஒரு சிறு தொடர்பு உண்டு. ஆனால் நாலு பேரோடு கலகலவென்று பழகுவதற்கும் அறிவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. வாயாடி புத்திசாலியாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்!

'ஓரளவு' என்றால் எவ்வளவு? மிக அதிகத் தொடர்புள்ள அந்தப் 'புதியதை நாடும்' குணத்தையே எடுத்துக்கொண்டாலும், மனிதர்களுக்குள் அறிவுத்திறனில் உள்ள வேற்றுமையில் நூற்றுக்கு நாலு முதல் ஒன்பது பங்கை மட்டும்தான் அது விளக்குகிறது. மிச்சம் தொண்ணூற்றுச் சொச்சத்துக்கு அதில் பதில் இல்லை. ஒரு தனிப் பிள்ளையைப் பார்த்து இதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

அந்தச் சிறு தொடர்பிலும் எது காரணம், எது விளைவு என்ற சிக்கல் வேறு. கேள்வி கேட்டதால் அறிவு வளர்ந்ததா, அறிவு இருந்ததால் கேள்வி வந்ததா? பதற்றக்காரருக்கு மூளைத்திறன் குறைவா, அல்லது பரீட்சை ஹாலில் கை நடுங்கி, தெரிந்ததையும் மறந்துவிட்டாரா? பின்னதுதான் பல பிள்ளைகளின் கதை என்பது என் அபிப்பிராயம்.

ஒழுங்கும் பொறுப்பும் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் குணத்துக்கும் அறிவுச் சோதனை மதிப்பெண்ணுக்கும் பெரிய தொடர்பு இல்லை. ஆனால் பள்ளிக்கூட மார்க்கோடு நல்ல தொடர்பு இருக்கிறது. தினமும் உட்கார்ந்து படிக்கிற பிள்ளை மார்க் வாங்கும். இதில் ஆச்சரியம் என்ன? ஆனால் நாம் மார்க்கையே அறிவு என்று எடுத்துக்கொள்கிறோமே, அங்கேதான் குழப்பம். நிறைய மார்க் வாங்கும் பிள்ளை உழைப்பாளியாக இருக்கலாம். மார்க் வாங்காத பிள்ளைக்கு அறிவில்லை என்று ஆகிவிடாது.

போனில் நாலெழுத்து கொடுத்து 'உங்கள் ஆளுமை பதினாறில் எந்த வகை' என்று சொல்கிறார்களே, அது? 1921-ல் யுங் என்ற ஸ்விஸ் மனோதத்துவ மருத்துவர் எழுதிய நூலை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவில் ஒரு தாயும் மகளுமாக உருவாக்கியது. சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வேறு வகை வந்துவிடுகிறது. பொழுதுபோக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்துப் பிள்ளைக்குப் படிப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

நம்ம ஊர் பதில்

இந்தக் கேள்விக்குப் புத்தகத்தைவிடப் பெரிய பதிலை நம் புதுக்கோட்டையே சொல்லியிருக்கிறது. வயதில் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எவ்வளவு எதிர்ப்பு! பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். தொண்டைமான் மன்னர் அனுமதித்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். ஒரு கூட்டத்துக்கே 'இவர்களுக்குப் படிப்பு ஒத்து வராது' என்று எழுதி வைத்திருந்த முத்திரை, ஒரு பெண் உள்ளே நுழைந்ததும் என்ன ஆயிற்று பாருங்கள்.

அதைவிடப் பெரிய சங்கதி 1991-ல் நடந்தது. அறிவொளி இயக்கம். அப்போது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியர். நான் பாளையங்கோட்டையில் மாணவன். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் ராத்திரி நேரத்தில் ஊருக்கு ஊர் விளக்கைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பார்கள். பகலெல்லாம் களை எடுத்தவர்கள், கல் உடைத்தவர்கள். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்தைந்நூறு பெண்களுக்கு மேல் சைக்கிளில் புதுக்கோட்டை வீதிகளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்.

இந்தப் பெண்களைப் பற்றி அதற்கு முன்னால் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள்? "அதுகளுக்கு என்ன தெரியும், பயந்த சுபாவம், மண்டையில ஏறாது." ஏறியதே! கையெழுத்துப் போட்டார்கள், பஸ்ஸில் ஊர்ப் பெயர் படித்தார்கள், கூலிக் கணக்கைச் சரிபார்த்தார்கள். நான் பார்த்தவரையில் வாயாடிப் பெண்கள் முதல் வாரத்தில் முந்தினார்கள், கூச்சக்காரர்கள் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மாதம் கழித்துப் போனால் யார் முந்தி யார் பிந்தி என்று சொல்ல முடியவில்லை. இது ஆராய்ச்சி அல்ல, ஒரு மாணவன் திண்ணையில் நின்று பார்த்தது, அவ்வளவுதான்.

ஆனால் ஆராய்ச்சியும் இதற்கு ஒத்துப்போகிறது. 20-ஆம் நூற்றாண்டில் பல நாடுகளில் அறிவுச் சோதனை மதிப்பெண்கள் பத்து வருஷத்துக்கு ஏறத்தாழ மூன்று புள்ளி வீதம் உயர்ந்துகொண்டே வந்ததை நியூசிலாந்துப் பேராசிரியர் ஃபிளின் எடுத்துக் காட்டினார். இரண்டு தலைமுறைக்குள் மனிதர்களின் வாத பித்த கபமா மாறிவிட்டது? பள்ளிக்கூடமும் சாப்பாடும் சுகாதாரமும் மாறின.

குணமா, நோயா?

இனிமேல் சொல்லப்போவதுதான் ஒரு வைத்தியனாக எனக்கு முக்கியம். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

'மந்தம்' என்று முத்திரை குத்தி அழைத்துவரப்படும் பிள்ளைகளில் பலருக்கு இருப்பது குணம் அல்ல, நோய். அதுவும் சரிசெய்யக்கூடிய நோய். உடல்வகை என்பது பிறவியிலேயே வருவது, வயதோடு கூடவே வருவது. நோய் என்பது இடையில் வருவது. ஆகவே என்னிடம் வரும் தாயிடம் நான் கேட்கிற முதல் கேள்வி: "இவ எப்பவுமே இப்படியா, இல்ல எப்பலேர்ந்து இப்படி?"

ஒரு பெண். பதினைந்து வயது. ஒன்பதாம் வகுப்புவரை சுமாராகப் படித்தவள். ஒரு வருஷமாக உடம்பு போடுகிறது, எந்நேரமும் தூக்கம், பேச்சு குறைந்துவிட்டது, மார்க் சரிந்துவிட்டது. "கப ஒடம்பு, பெரியத்தை மாதிரி" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். பத்தாவதோடு நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சு. நான் கேட்டதும் ஒவ்வொன்றாக வந்தது. மலச்சிக்கல். மார்கழியில் எல்லோரும் சாதாரணமாக இருக்கும்போது இவளுக்கு மட்டும் போர்வை. தோல் வறண்டு முடி கொட்டுகிறது. மாதவிலக்கு தாறுமாறு. குரல் கரகரப்பு. தைராய்டு ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னேன். சுரப்பு மிகக் குறைவு. அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை தொடங்கினார்கள். சில மாதத்தில் பிள்ளை பழைய பிள்ளை. ப்ளஸ் டூவும் முடித்துவிட்டாள்.

நான் சித்த வைத்தியன். ஆனாலும் சொல்கிறேன், தைராய்டு சுரப்புக் குறைவுக்கு டாக்டர் எழுதிய மாத்திரையை, நான் உட்பட யார் சொன்னாலும், உங்கள் இஷ்டத்துக்கு நிறுத்தாதீர்கள். வீட்டில் அயோடின் சேர்த்த உப்பையே வாங்குங்கள். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் அயோடின் குறைந்தால் மூளை வளர்ச்சியே பாதிக்கும்.

அடுத்தது காது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கூப்பிட்டால் திரும்பாமல், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லும் பையனை 'மக்கு' என்பார்கள். அடிக்கடி சளி பிடித்து, நடுக்காதில் நீர் கோத்திருந்தால் அவனுக்குப் பாதிதான் கேட்கும். பாதி கேட்டவன் பாதிதான் புரிந்துகொள்வான். காதில் சீழ் வந்தால் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. கூடவே கூடாது! காது டாக்டரிடம் காட்டுங்கள். அதேபோலக் கண். கரும்பலகை தெரியாத பிள்ளை வகுப்பில் எப்படிக் கை தூக்கும்? ஒரு கண்ணாடி போட்டதும் 'மந்தம்' பறந்துபோன பிள்ளைகள் உண்டு.

ரத்தசோகை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. வயதுக்கு வந்த பெண் சோர்ந்து உட்கார்ந்தால் அது சோம்பல் என்று திட்டுவதற்கு முன், கீழிமையை விலக்கிப் பாருங்கள், வெளுத்திருக்கிறதா? பிறகு ஹீமோகுளோபின் பாருங்கள். இரும்புச் சத்து குறைந்தால் கவனம் நிற்காது, படித்தது தங்காது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சை எல்லாம் நல்லதுதான். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கத்தை விடுங்கள். அது இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேருங்கள். குடல் புழுவுக்கும் மருந்து கொடுத்திருக்க வேண்டும். ரத்தம் மிகவும் குறைந்திருந்தால் சாப்பாட்டை மட்டும் நம்பாதீர்கள், மருந்து வேண்டும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. பேசிக்கொண்டே இருக்கும் பிள்ளை திடீரென்று சில வினாடி வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலத் தொடரும். ஒரு நாளைக்குப் பல தடவை. "கனவு காண்றான்" என்று ஆசிரியர் தலையில் குட்டுவார். இது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். நரம்பு மருத்துவரிடம் காட்டவேண்டியது.

வாயால் பதில் சொன்னால் டாண் டாண் என்று சொல்லும், எழுதச் சொன்னால் எழுத்து தலைகீழாகும், வரி தாவும் — இப்படி ஒரு பிள்ளை இருந்தால் அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடித்துத் திருத்த முடியாது. தனிப் பயிற்சியால் முடியும்.

தூக்கம் பற்றிச் சொல்லவே வேண்டாம். ராத்திரி பன்னிரண்டு மணிவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் காலையில் மந்தமாக இருந்தால் அதற்குக் கபத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

அய்யா, வல்லாரை கொடுக்கலாமா?

இதைக் கேட்காமல் யாரும் எழுந்து போவதில்லை! கொடுக்கலாம். ஆனால் எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்து கொடுங்கள்.

நம் மரபில் நினைவாற்றலுக்குச் சொல்லப்பட்ட மூலிகைகளில் வல்லாரையும் நீர்ப்பிரமியும் முதன்மை. நீர்ப்பிரமியை வைத்துப் பெரியவர்களிடம் பன்னிரண்டு வாரம் கொடுத்துச் சோதித்த ஆய்வுகள் வெளிநாட்டிலும் நடந்திருக்கின்றன. படித்ததை நினைவில் வைப்பதில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. ஓரளவுதான். நாலு நாளில் பலன் கிடைக்காது. பரீட்சைக்கு முந்தின வாரம் வாங்கிக் கொடுத்துப் பிரயோஜனமில்லை. குணத்தை மாற்றும், கூச்சக்காரனைப் பேச்சாளன் ஆக்கும் என்பதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது. மந்தத்துக்குத் தைராய்டு காரணமாக இருந்தால் ஒரு வண்டி வல்லாரை தின்றாலும் தீராது.

சாப்பிடும் முறை சுலபம். ஒரு கைப்பிடி வல்லாரை இலையை உளுந்தம்பருப்பு, மிளகு, புளியோடு வதக்கித் துவையல் அரைத்து வாரம் இரண்டு நாள் சோற்றில் பிசைந்து கொடுங்கள். சாக்கடை ஓரத்திலும் ஆலைக் கழிவு கலக்கும் கண்மாயிலும் பறித்த இலை வேண்டாம். வீட்டுத் தொட்டியிலேயே நன்றாக வரும். நல்லதுதானே என்று தினமும் கை நிறையச் சாறு குடிக்க வேண்டாம்; அளவு மீறி வெகுநாள் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. கர்ப்பிணிகள் மருந்தாகச் சாப்பிட வேண்டாம். டப்பாவில் எந்த விவரமும் இல்லாமல் 'மூளை செந்தூரம்' என்று யாராவது விற்றால் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். சரியாக முடிக்காத செந்தூரத்தில் உலோக நஞ்சு இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் பிள்ளையின் அறிவுத்திறன் பற்றிச் சந்தேகம் இருந்தால் முறையாகச் சோதித்துப் பாருங்கள். அறிவுச் சோதனையை முதன்முதலில் 1905-ல் பாரிஸில் உருவாக்கிய பினே, வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளில் யாருக்குத் தனிக் கவனிப்பு தேவை என்று கண்டுபிடிக்கத்தான் அதைச் செய்தார். ஒதுக்கி வைக்க அல்ல. அதையே காமத் என்பவர் நம் நாட்டுக்கு ஏற்ப மாற்றி அமைத்தார். இன்றும் நம் ஆஸ்பத்திரிகளில் அது பயன்படுகிறது. பயிற்சி பெற்ற மனநல நிபுணர்தான் செய்ய வேண்டும். தமிழில் பேசி வளர்ந்த பிள்ளைக்குத் தமிழிலேயே கேட்கச் சொல்லுங்கள். அதற்கு முன்பே காது, கண், ரத்தம், தைராய்டு நாலையும் பார்த்து முடித்திருக்க வேண்டும். சோதனைக்கு முந்தின ராத்திரி பிள்ளை நன்றாகத் தூங்கட்டும், காலையில் வயிறாரச் சாப்பிடட்டும். அன்றைக்கென்று சளிக்காய்ச்சல் வந்திருந்தால் தயங்காமல் வேறு தேதி கேட்டு வாங்குங்கள்.